வண்டி எனக்கு, சாமான் பெட்டி அண்ணனுக்கு

எங்கள் அத்தா மவுத்தாகி நாற்பது நாள் கழிந்ததும் உத்தமபாளையத்து வீட்டின் கூடத்தில் வைத்துப் பாகம் பிரித்தார்கள். அத்தா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்பா. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது அண்ணனும் நானும்தான். அது தொண்ணூற்றேழாம் வருடம். ஜமாஅத்துப் பெரியவர்கள் நாலு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பத்திர எழுத்தர் ஒருவர் மடியில் அட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

மார்க்கப்படி அண்ணனுக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. காமயகவுண்டன்பட்டிப் பக்கம் இருந்த திராட்சைத் தோட்டத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சரி என்றார்கள். கூடவே ஜீப்பையும் கொடுங்கள் என்றேன். உடனே கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்னவோ பள்ளிவாசல் மினாரைக் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

அது அறுபதுகளில் வந்த பெட்ரோல் ஜீப். மலைக்கு மேலே ஒரு எஸ்டேட்காரரிடம் அத்தா வாங்கியது. கம்பெனியில் இருந்து வந்தபோது கூட வந்த சாமான்கள் ஒன்று குறையாமல் அதனுடன் இருந்தன. ஹேண்டில் போட்டு வண்டியை எடுக்கும் இரும்புக் கம்பி, ஸ்க்ரூ ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஹப் ஸ்பேனர், கிரீஸ் அடிக்கும் கன், மூக்கு நீண்ட எண்ணெய் டப்பா, தார்ப்பாய்த் துணியில் பை பையாகத் தைத்துச் சுருட்டி வைத்த ஸ்பேனர்கள். ஒவ்வொன்றிலும் எழுத்து பொறித்திருக்கும். இவற்றை வைப்பதற்கென்றே வண்டியில் இடப்பக்க சீட்டுக்கு அடியில் ஓர் அறை உண்டு. அத்தா அதில் ஒரு நாளும் வைத்ததில்லை. சந்தையில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்புவதற்குள் எவனாவது தூக்கிவிடுவான் என்று பயம். அதனால் தேக்குப் பெட்டி ஒன்று செய்து, வீட்டுக்குள் சாமான் அறையில், பித்தளை அண்டாக்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். எங்காவது புறப்பட்டால் பெட்டி வண்டியில் ஏறும். திரும்பி வந்தால் பெட்டிதான் முதலில் இறங்கும்.

இந்தப் பழக்கம்தான் எல்லா வினைக்கும் காரணம். எழுத்தர் ஜீப்பை வாசலில் பார்த்தார். 'ஜீப் ஒன்று' என்று என் பெயருக்கு எதிரே எழுதினார். பிறகு உள்ளே போய் வீட்டுச் சாமான்களைப் பட்டியல் எடுத்தார். வீடு அண்ணனுக்கு, வீட்டில் உள்ளவையும் அண்ணனுக்கு என்று முடிவாகியிருந்தது. கட்டில் மூன்று, பீரோ ஒன்று, பிரியாணித் தேக்சா இரண்டு, அண்டா ஐந்து, ஜீப் சாமான் பெட்டி ஒன்று. இதை அவர் உரக்க வாசித்தபோது பெரியவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். 'அது வண்டியோடு போக வேண்டியது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாடியைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தார்.

நானும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வாயைத் திறக்கட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன், வாயை மூடிக்கொள்வேன். அது கத்துவதைவிட மோசம் என்று என் கணவர் சவூதியில் இருந்து கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்.

எல்லோரும் எழுந்து போனபின் வாசலில் வைத்து அண்ணன் சொன்னார்:

"ஏத்தா, இந்த வண்டி உனக்குச் சரிப்படாது. ஆறு மாசம் ஓட்டிப் பாத்துட்டு இங்கனதான் வந்து நிப்பே."

"பாப்போம்ண்ணே" என்றேன். அன்றைக்கு இறங்கியவள்தான். என் வீடு அடுத்த தெருவில்தான், ஆனாலும் நாலு வருடம் அந்தப் படியை நான் மிதிக்கவில்லை.

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. தேனிக்குப் போய் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினேன். கார் ஓட்டப் படித்துவிட்டு அந்த ஜீப்பில் ஏறினால், அது வேறு ஜாதி மிருகம். கிளட்ச்சை மிதிக்க இடுப்பில் இருந்து பலம் வர வேண்டும். முக்காடு நழுவாமல் கியர் மாற்றுவதற்கு ஒரு வாரம் ஆனது. தலைத் துணியை இரண்டு ஊக்கு குத்தி இறுக்கிக்கொண்டேன், பிரச்சினை தீர்ந்தது. முதல் மாதம் ஊரே பார்த்தது. இரண்டாம் மாதம் பாதிப் பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு, "எக்கா, கம்பம் வரைக்கும் போறீகளா?" என்று கை காட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

சாமான் இல்லாத வண்டி என்பது என்ன என்று முதல் திராட்சை வெட்டின்போதுதான் தெரிந்தது. பன்னீர் திராட்சையை விடிந்ததும் வெட்டி, வெயில் ஏறும் முன் கம்பத்தில் லாரியில் ஏற்ற வேண்டும். தோட்டத்தில் ஆறு பெண்கள் வேலை செய்தார்கள். பெட்டிகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. ஹேண்டில் இருந்தால் முன்னால் குத்தி ஒரு சுற்று, வண்டி எடுத்திருக்கும். ஹேண்டில் அண்ணன் வீட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் நிம்மதியாகப் படுத்திருக்கிறது. ஆறு பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பு முனை வரை தள்ளினார்கள். வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு எடுத்தது. அன்றைக்கே கம்பத்துப் பட்டறையில் போய் நின்றேன்.

பட்டறை மெக்கானிக் என்னைவிட நாலைந்து வயது சின்னவர், நல்ல கைக்காரர். புது மாடல் ஜீப்பின் ஹேண்டில் ஒன்றை எடுத்து வந்தார். அது பம்பர் ஓட்டைக்குள் போனது, எஞ்சின் பல்லைத் தொடவில்லை. இரண்டு விரற்கடை குறைவு. ஒட்டுப் போட்டு நீட்டினார். நீட்டியதைக் குத்திச் சுழற்றினால் திருப்பி உதைத்தது. அவர் மணிக்கட்டு ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. அவர் மேல் இரக்கம் வந்ததோ இல்லையோ, எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. கட்டை விரலைக் கம்பியைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். அப்படிப் பிடித்து நான் சுழற்றினேன். மூன்றாம் சுற்றில் எடுத்தது. பட்டறையில் இருந்த ஆண்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, சொல்வதற்கு என்ன.

அடுத்து வீல் ஸ்பேனர். இராயப்பன்பட்டிக்கு இந்தப் பக்கம் இடப்பக்கப் பின்சக்கரம் பஞ்சராகி நின்றபோது லாரியில் இருந்து இரண்டு பேர் தங்கள் ஸ்பேனரோடு உதவிக்கு இறங்கினார்கள். அந்தக் காலத்து ஜீப்பில் இடப்பக்கச் சக்கரத்து நட்டுகளுக்கு மட்டும் மரை தலைகீழ். எல்லா நட்டையும் கழற்றத் திருப்பும் பக்கம் திருப்பினால் இது இறுகும்.

"அண்ணே, அந்தப் பக்கம் திருப்பாதீக. இதுக்கு மரை மாத்தி இருக்கு" என்றேன்.

"நீங்க தள்ளி நில்லுங்கம்மா. நாங்க பாத்துக்கிறோம்" என்றார் அந்த இருவரில் பெரியவர். பாத்துக்கிட்டார். ஸ்பேனரில் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று ஒரு குதி குதித்தார். போல்ட்டு முறிந்து ரோட்டில் விழுந்தது.  அவர் கையில் இருந்து ஸ்பேனரை வாங்கி, மிச்சம் நாலையும் மறுபக்கம் திருப்பிக் கழற்றிக் காட்டினேன். இரண்டு பேரும் லாரியைப் பார்க்க நடந்தார்கள்.

இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். வீல் ஸ்பேனரும் ஜாக்கியும் சின்னமனூரில் பழைய இரும்புக் கடையில். எண்ணெய் டப்பா தையல் மெஷின்காரர் ஒருவர் தந்தது. கிரீஸ் கன் புதிது. துணிச் சுருளை நானே என் மெஷினில் தைத்தேன். அத்தாவுடையதில் பன்னிரண்டு பை, என்னுடையதில் பதினாலு.

கிடைக்காமல் போனது ஒன்றே ஒன்று, ஹப் ஸ்பேனர். முன்சக்கரத்துக்கு உள்ளே பேரிங்கை இறுக்கிப் பிடிக்கிற பெரிய நட்டைக் கழற்றுவது அது. கை மணிக்கட்டுப் பருமனில் ஒரு குழாய், அதற்கு ஆறு முகம், குறுக்கே கம்பி விட ஓட்டை. சக்கரம் ஆட ஆரம்பித்தால் அது இல்லாமல் கை வைக்க முடியாது. பட்டறையில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்து நட்டைத் திருப்பினார்கள். ஒவ்வொரு அடியும் என் நெற்றியில் விழுந்த மாதிரி இருந்தது.

"எக்கா, நான் ஒன்னு சொன்னா கோவிக்கக் கூடாது. உங்க அண்ணன் வீட்டுல ஒரிஜினல் இருக்குன்னு ஊருக்கே தெரியும். ஒரு வார்த்தை கேட்டா என்ன கொறஞ்சு போவீக?" என்றார் மெக்கானிக்.

"நீ கடையிறதுக்கு ஆள் சொல்லு" என்றேன்.

தேனியில் ஒரு லேத் பட்டறையைச் சொன்னார். நட்டின் அளவைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு நானே போனேன். மூன்று தடவை போனேன். முதலில் செய்தது பெரிதாகிவிட்டது, இரண்டாவது வெல்டிங் விட்டது. மூன்றாவது கச்சிதமாக உட்கார்ந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பியபோது, பிள்ளை பெற்றுத் திரும்புகிறவள்கூட அவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருக்க மாட்டாள். இனி அண்ணன் வீட்டுப் பெட்டி மக்கி மண்ணாகப் போனாலும் எனக்கென்ன என்று நினைத்தேன்.

அண்ணனோடு பேச்சு இல்லாமல் இல்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால், "நல்லா இருக்கியா?" "இருக்கேன்ண்ணே." அவ்வளவுதான். பெருநாளைக்கு வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் விடுவார். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி, பிரியாணியை டப்பாவில் போட்டு என் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புவேன். டப்பா நிறைய வட்டிலப்பம் திரும்பி வரும். மதினி ஒரு கல்யாணத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது சொன்னார்:

"உங்க அண்ணன் ஜும்மா முடிஞ்சு வந்தா அந்தப் பெட்டியத்தான் தொறந்து வச்சுக்கிட்டு உக்காருதாக. ஒவ்வொன்னா எண்ணெய் போட்டுத் தொடைக்கிறாக. வண்டி இருக்கும்போதுகூட இப்படிப் பாத்ததில்ல."

எனக்குக் கேட்டது வேறு. என் வண்டிச் சாமானை வைத்துக்கொண்டு வாரா வாரம் ரசிக்கிறார் என்றுதான் கேட்டது. பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

நாலாம் வருடம், திராட்சை கவாத்து முடிந்த சமயம், கோட்டயம் பக்கத்தில் இருந்து ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். பழைய ஜீப்புகளைத் தேடி வாங்கி, கம்பெனியில் இருந்து இறங்கிய நாள்போல ஆக்கி வைப்பவர். மெக்கானிக்தான் அனுப்பியிருந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடியில் படுத்துப் பார்த்தார். பானட்டைத் தட்டிப் பார்த்தார். "இத்தா, இத்ர நல்ல வண்டி ஞான் கண்டிட்டில்லா" என்றார். அங்கே முஸ்லிம் வீட்டு அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் விற்க மாட்டேன் என்றேன். பரவாயில்லை, பார்த்ததே சந்தோஷம் என்றார். நல்ல மனிதர்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இடப்பக்க சீட்டைத் தூக்கி, என் துணிச் சுருளை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஹப் ஸ்பேனரைக் கடைசியாக வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. பிறகு மலையாளமும் தமிழும் கலந்து அவர் சொன்னதை எழுத்துத் தமிழில் சொல்கிறேன்:

"இது நன்றாகச் செய்தது. ஆனால் ஒரிஜினலை நான் இன்று காலையில் பார்த்துவிட்டு வருகிறேன். உத்தமபாளையத்தில் ஒருவர் முழு செட்டும் வைத்திருக்கிறார். ஒரு துரு கிடையாது. என்ன விலை வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன். எழுந்து வாசலைக் காட்டிவிட்டார்."

"ஏன் குடுக்க மாட்டாகளாம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"அவருடையது இல்லையாம். 'அது வண்டிக்காரி சாமான். அவ வந்து கேப்பா. அன்னைக்கு நான் என்ன பதில் சொல்ல?' என்றார்."

அவர் அதற்குப் பிறகு எதை எதையோ சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை. அவரை அனுப்பிவிட்டு, வேலைக்காரப் பெண்களிடமும் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். உத்தமபாளையம் வரும் வரை கோபம்தான். இவர் பாட்டுக்கு ஊரான் ஒருத்தனிடம் சொல்வாராம், என்னிடம் சொல்ல வாய் வராதாம். நாலு வருடம் உளியால் அடிபட்டது யார் வண்டி? அந்தக் கோபத்தோடுதான் வாசலில் பிரேக் போட்டேன்.

அண்ணன் கூடத்தில் ஈஸிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். என்னைவிட எட்டு வயது பெரியவர் எனக்காக எழுந்து நிற்கிறார் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"எனக்குன்னு வச்சிருந்தா குடுத்து விட வேண்டியதுதானே? என்னத்துக்கு நாலு வருசமா பூட்டி வச்சுக்கிட்டு இருக்கீக?" என்று நின்ற இடத்தில் இருந்தே கேட்டேன்.

"குடுத்து விட்டா நீ வருவியா?"

"என்னது?"

"குடுத்து விட்டா நீ வருவியாத்தான்னு கேக்குறேன்." அவர் குரல் உயர்ந்தது. "அன்னைக்கு எழுத்தர் வாசிக்கும்போது சொல்லத்தான் வாயெடுத்தேன். வீட்ட எனக்குன்னு எழுதிட்டாக. அம்மாவும் இல்ல, அத்தாவும் இல்ல. இனி இந்த வீட்டுல உனக்கு என்ன இருக்கு? இது ஒன்னாவது இங்கன கெடந்தா, வண்டி நிக்கும்போதாவது வருவேன்னு விட்டுட்டேன். உனக்குத்தான் வண்டியே நிக்க மாட்டேங்குதே."

"வான்னு கூப்பிட்டா வந்திருப்பேன்ல?"

"கூப்பிட்டேன். பெருநாளுக்குப் பெருநாள் கூப்பிட்டேன். நீ டப்பாவுல பிரியாணி குடுத்து விட்டே."

 நாலு வருடமாக எதை எல்லாம் நான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனோ, அது எல்லாம் அந்தக் கூடத்தில் வேறு ஒன்றாக ஆகிவிட்டது. சின்னமனூருக்கு ஒரு தடவை, தேனிக்கு மூன்று தடவை. அத்தனை தூரம் போனவள் அடுத்த தெருவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது; முக்காட்டை இழுத்துத் துடைத்துக்கொண்டேன். மதினி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் டீ போட உள்ளே போனார்.

அண்ணன் சாமான் அறைக்குப் போய்ப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்தார். எண்ணெய் வாசம் கூடம் முழுக்க அடித்தது. கோட்டயத்துக்காரர் சொன்னது சரி, ஒரு துரு இல்லை. "எடுத்துக்க. தூக்கி வண்டியில வைக்கவா?" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

அப்போது என் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியும். எனக்கு எல்லாம் இருக்கிறது அண்ணே, ஒன்றும் வேண்டாம் என்று வந்திருக்கும். அதை முழுங்கிக்கொண்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் முழுங்கியதில்லை.

"பெட்டி இங்கனயே இருக்கட்டும்ண்ணே. ஹப் ஸ்பேனர மட்டும் குடுங்க, முன்சக்கரம் ஆடுது. வெள்ளிக்கிழமை கொண்டாந்து தந்துருதேன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து அதை எடுத்து, தோள் துண்டால் ஒரு தடவை துடைத்தார். டீயைக் குடித்துவிட்டு நான் எழுந்ததும், என் கையில் கொடுக்காமல் தானே வாசலுக்கு எடுத்துக்கொண்டு வந்தார். தடுக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் பழக்கப்பட்ட கையால் இடப்பக்க சீட்டைத் தூக்கிவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. உள்ளே என் துணிச் சுருள் பிரிந்து கிடந்தது. அதன் மேல் என்னுடைய ஹப் ஸ்பேனர், தேனி லேத்தில் கடைந்தது, பளபளவென்று கிடந்தது.

அண்ணன் அதைக் கையில் எடுத்தார். வெயிலில் பிடித்து, உள்ளே ஆறு முகத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். நான் கீழே மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாத்தான் கடைஞ்சிருக்கான்" என்றார். அதை இருந்த இடத்திலேயே வைத்தார். பக்கத்தில் தன் கையில் இருந்ததையும் வைத்து, சீட்டை மூடினார்.

"வெள்ளிக்கிழமை மறந்துராதாத்தா."